டாம் விதிவிலக்குகள்: ஜாவா எக்ஸ்எம்எல் தாளுக்குப் படிப்போருக்கு

முடிவுகள் வந்துவிட்டன, ஜாவா எக்ஸ்எம்எல் தாளில் தேறிவிட்ட நிம்மதியில் இதை எழுதுகிறேன். எக்ஸ்எம்எல் ஆவணத்தைக் கணுக்களின் மரமாகக் காட்டும் டாம் (DOM) பகுதியில் பிழைக் குறியீட்டு எண்களை மனப்பாடம் செய்வதை விட, எந்த அழைப்பு விதிவிலக்கை (நிரலின் ஓட்டத்தை இடைமறிக்கும் பிழையை) வீசும், எது ஒன்றுமே சொல்லாமல் திரும்பும் என்று பிரித்துப் படிப்பதே பயன் தரும். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

இல்லாத பண்பைக் கெட்ஆட்ரிப்யூட் மூலம் கேட்டால் வெற்றுச் சரமே வரும். கணுக்களின் பட்டியலான நோட்லிஸ்ட்டின் ஐட்டம் முறைக்கு எல்லை மீறிய எண்ணைக் கொடுத்தாலும் ‘நல்’ மட்டுமே கிடைக்கும். ஆனால் அதே தவறை, உரைக் கணுவின் ஒரு பகுதியை எடுத்துத் தரும் சப்ஸ்ட்ரிங்டேட்டாவில் செய்தால் இண்டெக்ஸ் சைஸ் பிழை எழும். வினா அமைப்பவருக்கு இந்த முரண் மிகவும் பிடித்தமானது.

விரிவான விடைக்கு உரியது ராங் டாக்குமெண்ட் பிழை, எண் 4. ஓர் ஆவணத்தில் உருவாக்கிய கணுவை மற்றோர் ஆவணத்தில் அப்பெண்ட்சைல்ட் கொண்டு இணைக்க முயன்றால் ஜாவா இதை வீசும். இன்றைய உலாவிகளோ அத்தகைய கணுவைத் தாமாகவே ஏற்றுக்கொள்வதால், ஜாவாஸ்கிரிப்ட்டில் மட்டும் பழகியவர்கள் இப்படியொரு பிழை இருப்பதையே அறியாமல் தேர்வுக்கு வருகிறார்கள். இதைத் தவிர்க்க இரண்டு முறைகள் உண்டு. இம்போர்ட்நோட் நகலெடுக்கும், மூலக் கணு தன் இடத்திலேயே இருக்கும். 2004இல் வந்த டாம் மூன்றாம் நிலை விவரக்குறிப்பின் அடாப்ட்நோட் கணுவையே பெயர்த்துக் கொண்டுவரும். இந்த வேறுபாட்டை எழுதாமல் விடையை முடிக்காதீர்கள்.

கணுவை மர அமைப்பு அனுமதிக்காத இடத்தில் வைத்தால் எழும் ஹயரார்க்கி ரிக்வெஸ்ட் பிழைக்கு, ஆவணத்தில் இரண்டாவது வேர் உறுப்பைச் சேர்க்கும் எடுத்துக்காட்டு ஒன்றே போதும்.

கடைசி நேரத்தில் பார்க்க வேண்டியவை:

- மேலே சொன்ன டாம் பிழைகளின் வகுப்பான டாம்எக்ஸெப்ஷன் ரன்டைம்எக்ஸெப்ஷனின் வழிவந்தது. ஆகவே அதைப் பிடிக்குமாறு தொகுப்பி வற்புறுத்தாது.
- எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் பார்ஸ் முறை வீசும் சாக்ஸ்எக்ஸெப்ஷனையும் ஐஓஎக்ஸெப்ஷனையும் கையாண்டே தீர வேண்டும். அவற்றை வீசக்கூடிய அழைப்பு எதுவும் ட்ரை தொகுதியில் இல்லாதபோது சாக்ஸ்எக்ஸெப்ஷனுக்குக் கேட்ச் எழுதினால், நிரல் தொகுப்பிலேயே நின்றுவிடும்.
- கேட்ச் எழுதும் வரிசை: துணை வகுப்பான சாக்ஸ்பார்ஸ்எக்ஸெப்ஷன் முதலில், சாக்ஸ்எக்ஸெப்ஷன் பிறகு.
- டாம்எக்ஸெப்ஷன் எந்த வகைப் பிழை என்று அறிய அதன் கோட் புலத்தை மாறிலியோடு ஒப்பிடுங்கள். செய்தி வாசகம் செயலாக்கத்துக்குச் செயலாக்கம் மாறுபடும் என்பதால், அதை நம்பிக் கிளைபிரிக்கும் நிரலை நான் திருத்துபவனாக இருந்தால் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.