தங்கையின் நாடி

அட்டனிலிருந்து கொழும்புக்குச் செல்லும் ரயிலில், ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்த என் தங்கை, உள்வாங்கிய நாடியைப் பெருவிரலால் முன்னே தள்ளி, "அக்கா, இவ்வளவுதான் வேணும்" என்றாள்.

அந்த 'இவ்வளவுக்கு' மூன்று வழிகளை மருத்துவர் விளக்கினார். நாடியை நிரப்பி எடுப்பாக்கும் ஹயலுரோனிக் அமில ஊசி ஏறக்குறைய ஓராண்டில் கரைந்துவிடும். பிடிக்காவிட்டால் ஹயலுரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தி முன்னரே கரைக்கலாம். நாடிக்குள் சிலிக்கோன் துண்டு வைத்தால் நிலைக்கும், ஆயினும் தொற்று ஏற்பட்டாலோ இடம் நகர்ந்தாலோ அகற்ற நேரிடும். மூன்றாவது, நாடியெலும்பையே அறுத்து முன்னகர்த்தி டைட்டேனியத் தகட்டால் பிணைப்பது. வாயினுள்ளே கீறுவதால் வெளியே தழும்பு தெரியாது, ஆனால் கீழுதட்டுக்கு உணர்வூட்டும் நரம்பு அருகிலேயே செல்வதால் மரமரப்புச் சில மாதங்களும், அரிதாக நிரந்தரமாகவும் நீடிக்கலாம்.

கன்னக் கொழுப்பை எடுப்பதைப் பற்றியும் அவள் கேட்டாள். எடுத்த கொழுப்பு திரும்பாது. வயது ஏறினால் கன்னம் தானாகவே வற்றும். (எங்கள் அம்மாயியின் ஒட்டிய கன்னங்கள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன.)

ஊரில் ஓர் அழகு நிலையத்தில் மலிவாக ஊசி போடுகிறார்களாம். மருந்து இரத்தக் குழாயை அடைத்தால் தோல் கருகும், அரிதாகப் பார்வையே பறிபோகும் என்று கேட்டபின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதத்தைப் பார்க்க எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மீண்டும் அதே ரயில்.