முப்பந்தல் காற்று: மிதிவண்டிப் பயணக் குறிப்புகள்

18 ஜூலை 2025, வெள்ளி, இரவு. திருநெல்வேலி

கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் தென்படத் தொடங்கியபோதே வலது தோளில் காற்றின் கை பட்டுவிட்டது. நாளை நாகர்கோவில், சுமார் 80 கிலோமீட்டர். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும்.

19 ஜூலை, சனி, பகல் 12.30. பணகுடி

ஐந்து மணிக்குப் பார்த்தால் பின்சக்கரத்தில் காற்றே இல்லை. ஊரெல்லாம் காற்று, ட்யூபில் மட்டும் இல்லை! வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடி போன்ற கம்பி ஒன்று டயருக்குள் ஒளிந்திருந்தது. அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக் கிளம்பும்போது ஏழரை.

எல்லோரும் எதிர்காற்றைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். நாங்குநேரி தாண்டி நான் நடுங்கியது பக்கக் காற்றுக்கு. நான்குவழிச் சாலையில் தெற்கே போகிறேன். காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. விழாமலிருக்க வலப்பக்கமாகச் சாய்ந்தே மிதிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி முந்துகிறது. காற்று சட்டென்று நின்றுவிடுகிறது, சாய்ந்த உடம்பு சாய்ந்தபடியே லாரியை நோக்கிப் போகிறது. சுதாரித்து நிமிர்வதற்குள் லாரி கடந்துவிட, காற்று திரும்ப வந்து சாலையோர மண்ணுக்குத் தள்ளுகிறது. இரண்டு முறை மண்ணில் இறங்கிவிட்டேன். அதன்பின் லாரிச் சத்தம் கேட்டாலே வேகத்தைக் குறைத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன்.

கருப்பட்டி காபி கொடுத்த அண்ணாச்சி சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார். “காவல்கிணற்றில் மேற்கே திரும்பும் வரைக்கும் இது காற்றே இல்லை தம்பி” என்றார்.

அதே நாள், இரவு. நாகர்கோவில்

அண்ணாச்சி சொன்னது சரி. மலைத்தொடரின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு வாசல்போலத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று முழுவதும் அந்த இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வேகம் பிடித்து வெளியே பாய்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அதனால்தான். அவை காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்பவை. கிழக்கிலிருந்து போன எனக்கு அத்தனையும் முதுகைத்தான் காட்டின.

கைப்பேசி 40 கிலோமீட்டர் வேகக் காற்று என்றது. அதற்கு எதிராக 20-இல் போனால் உடம்பின்மேல் மோதுவது 60. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். காற்றில்லாத நாளைவிட ஒன்பது மடங்கு. கணக்கு தெரிந்து என்ன பயன்? ஆகச்சிறிய கியரில் ஏழைத் தாண்டவில்லை. ஓர் இறக்கத்தில்கூட மிதித்தேதான் இறங்கினேன்.

இசக்கியம்மன் கோயில் முன்னால் இறங்கிவிட்டேன். பக்தி பாதி, முழங்கால் பாதி. அங்கிருந்து கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு நடந்தேன். நடை வேகத்துக்கும் மிதித்த வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தோவாளை தாண்டியதும் பிடி தளர்ந்தது. காவல்கிணற்றிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். காதில் இன்னும் இரைச்சல்.

20 ஜூலை, ஞாயிறு. கன்னியாகுமரி

காற்று இன்று முதுகுப்பக்கம். அலுங்காமல் வந்து சேர்ந்தேன், எழுத ஒன்றுமில்லை.

சைக்கிளிலேயே திரும்பினால் முப்பந்தலில் அதே காற்று என்னைக் காவல்கிணறு வரை தள்ளிக்கொண்டு போகும். இது நேற்றே தோன்றியிருக்க வேண்டும். ராத்திரி அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.