எங்கே நின்று பாட்டிலை முக்குவது?

நியூசிலாந்தில் ஆற்றிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீர் எடுக்க, ஆலைக் கழிவுநீரை மண்ணிலோ ஆற்றிலோ விட, ஓடைப் படுகையில் சரளை அள்ள, பெரும்பாலும் 'ரிசோர்ஸ் கன்சென்ட்' வேண்டும். நம்மூர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருகிற இசைவாணை போலத்தான், வீச்சு மட்டும் பெரிது. 1991-ல் வந்த வள மேலாண்மைச் சட்டத்தின்படி இவற்றைக் கொடுப்பது ரீஜனல் கவுன்சில் என்ற வட்டார மன்றம். அதன் எல்லைகளைப் பெரும்பாலும் ஆறுகளின் நீர்ப்பிடிப்பை ஒட்டியே வகுத்திருக்கிறார்கள். கொடுப்பதும் அதுதான், கொடுத்தபடி நடக்கிறதா என்று பார்ப்பதும் அதுதான். அந்தப் பார்க்கிற வேலை என்னுடையது.

தண்ணீர், கழிவுநீர் தொடர்பான இசைவாணைகள் அதிகபட்சம் 35 ஆண்டுகள் வரை செல்லும். இசைவாணையோடு சேர்த்துத் தரும் நிபந்தனையை எழுதியவர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அவர் எழுதிய வரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆற்றங்கரையில் நிற்பேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் போலீஸ் வேலை என்று நினைக்கிறார்கள். அடையாள அட்டையைக் காட்டினால், குடியிருக்கும் வீட்டைத் தவிர எந்த இடத்துக்குள்ளும் நியாயமான நேரத்தில் போய்ப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. உண்மையில் பாதி வேலை வாசிப்பு. கிளம்புமுன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, இதை எதைக் கொண்டு அளப்பது, யாரிடம் கேட்பது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். சிலவற்றின் ஓரம் காலியாகவே கிடக்கும்.

ஒரு சிற்றூரின் சாக்கடை நீர்க் குட்டைகளைச் சொல்லலாம். சுத்திகரித்த நீர் குழாய் வழியாக ஆற்றில் விழுகிறது. கழிவுநீர் ஆற்றில் 'நியாயமான அளவு கலந்த பிறகு' எண்ணெய்ப் படலமோ நுரையோ தெரியக்கூடாது, நிறமோ தெளிவோ கண்ணில் படும்படி மாறக்கூடாது, துர்நாற்றம் கூடாது, கால்நடை குடிக்க முடியாமல் போகக்கூடாது என்று சட்டத்தின் 107-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்த வரிகளை அப்படியே எடுத்து நிபந்தனையாக்கிவிட்டார்கள். எங்கே கலந்து முடிகிறது? குழாய்க்கு ஐம்பது மீட்டர் கீழே இருந்த சரளை மேட்டில் நான் நின்றேன். குட்டைகளைப் பராமரிப்பவர் பாலத்தைத் தாண்டிய வளைவைக் காட்டினார்.

"அங்க வரைக்கும் இந்தக் கரையோரமாத்தாங்க ஓடும், அதுக்கப்புறம்தான் கலக்கும். இங்க எடுத்தா எங்க தண்ணிய மட்டும்தான் எடுப்பீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அகலமான ஆற்றில் கழிவுநீர் நெடுந்தூரம் ஒரு கரையை ஒட்டியே போகும். ஆனால் அந்த வளைவுக்குள் ஓர் ஓடை வந்து சேர்கிறது. அங்கே எடுத்தால் ஓடை கொண்டுவருவதையும் சேர்த்துத்தான் எடுப்பேன். கடைசியில் குழாய்க்கு மேலே ஓரிடத்திலும், கீழே இரண்டிடத்திலும் எடுத்தோம்.

எடுப்பது எளிய வேலைதான், நேரம் பிடிக்கும். நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, கால் கலக்கிய சேறு பாட்டிலுக்குள் வராமல் முக்க வேண்டும். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து, ஈ.கோலை சோதனைக்கு ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தெளிவை அளக்கக் கறுப்புத் தட்டு. தண்ணீருக்குள் கிடைமட்டமாகப் பார்க்கும் குழலில் கண்ணை வைத்து, தட்டு மறையும் வரை பின்னால் நகர்ந்து, அந்தத் தூரத்தை டேப்பில் படிப்போம். கல்லைப் புரட்டி அடியிலுள்ள பூச்சிகளை எண்ணுவது இன்னொரு முறை. ஈசல் போலச் சில நாளே பறக்கும் மேஃபிளை பூச்சிகளின் இளம்புழு நிறைய இருந்தால் நீர் நன்றாயிருக்கிறது. புழுவும் நத்தையும் மட்டும் இருந்தால் இல்லை. பூச்சிகளுக்கு மதிப்பெண் போடும் இந்தக் குறியீட்டை 1985-ல் தாரனாக்கி வட்டாரத்து ஓடைகளுக்காக உருவாக்கினார்கள். 120-க்கு மேல் போனால் மிக நன்று, 80-க்குக் கீழே மோசம். எனக்கு மிகப் பிடித்த அளவு இதுதான். நாங்கள் வராத நாட்களில் நடந்ததையும் பூச்சிகள் சொல்லிவிடும்.

பால் பண்ணைகள் வேறு மாதிரி. கறவை முற்றத்தில் விழும் சாணமும் கோமியமும் கழுவு நீரோடு தொட்டிக்குப் போய், குட்டையில் தேங்கி, பிறகு மேய்ச்சல் நிலத்தில் தெளிக்கப்படும். கறவை இல்லாத நேரத்தில் பெய்யும் மழைநீர் குட்டையை நிரப்பிவிடாமலிருக்க, முற்றத்து வடிகாலில் ஒரு திருப்பு வால்வு. அதை வாய்க்கால் பக்கம் திருப்பி வைப்பார்கள். விடிகாலை இருட்டில் கறவைக்கு வருபவர் அதைத் தொட்டிப் பக்கம் திருப்ப மறந்தால் போதும், நாங்கள் வரும்போது வாய்க்கால் பச்சையாக ஓடும். கெட்ட எண்ணம் இருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. விட்டவர் மட்டுமல்ல, யாருக்காக வேலை செய்தாரோ அவரும் பொறுப்பு. பிலிப்பைன்சிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் இந்தப் பண்ணைகளில் நிறையப் பேர். கேமராவை எடுத்ததும் அவர்கள் முகத்தில் விசா தெரியும். முதலில் முதலாளியை வரச் சொல்லிவிட்டுத்தான் நான் கேள்வியை ஆரம்பிப்பேன். சில பண்ணைகளில், வால்வு தவறான பக்கம் இருந்தால் கறவை இயந்திரமே ஓடாதபடி இணைத்திருக்கிறார்கள். 'கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதுவதைவிட இதை நிபந்தனையாக்குவது மேல் என்பேன்.

தண்ணீர் எடுப்பில், எங்கே எப்படி அளப்பது என்ற சண்டை குறைவு. 2010 விதிமுறைகளின்படி, இசைவாணை பெற்று நொடிக்கு 5 லிட்டரோ அதற்கு மேலோ எடுப்பவர்கள் பொதுவாக மீட்டர் வைத்தாக வேண்டும். எண் பேசிவிடும்.

நிபந்தனை எழுதியிருந்தும் பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஊர் ஹேவ்லாக் நார்த். ஹாக்ஸ் பே வட்டாரத்தில் சுமார் 14,000 பேர் வாழும் ஊர். 2016 ஆகஸ்டில் பெருமழைக்குப் பிறகு, ஆட்டுப் புழுக்கையிலிருந்து வந்த கேம்பிலோபாக்டர் கிருமி குடிநீர் ஆழ்துளைக் கிணற்றில் கலந்தது. குளோரின் போடாத தண்ணீர். 5,000 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். விசாரணைக் குழு தண்ணீர் வழங்கிய மாவட்ட கவுன்சிலை மட்டும் சொல்லி விடவில்லை. கிணறுகளுக்கான இசைவாணையைக் கொடுத்த ரீஜனல் கவுன்சில் அதன் நிபந்தனைகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்றும் எழுதியது. மாவட்ட கவுன்சில் மீது ரீஜனல் கவுன்சில் வழக்குப் போட்டு, பிறகு கைவிட்டது தனிக்கதை. கிணற்று வாய் அழுக்கு புகாதபடி மூடியிருக்கிறதா என்பது குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கிற காரியம். எங்கள் துறையில் யாரும் அந்த விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது.

இப்போது இசைவாணை எழுதும் பிரிவினர் வரைவை எங்களிடம் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இது எரிச்சல்தான். விண்ணப்பித்தவர் வக்கீலோடு பேசி ஒத்துக்கொண்ட வரியை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். போன வாரம் வந்ததில், மாதிரி எடுக்க வேண்டியது 'ஆற்றின் கீழ்ப்போக்கில் பொருத்தமான இடத்தில்' என்று இருந்தது. வரைபடத்தில் புள்ளி வைத்து, ஆயத்தொலைவு எழுதி, ஆறு தடம் மாறினால் புள்ளியை யார் மாற்றுவது என்பதையும் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.