முதுமை ஆராய்ச்சிக்காகக் குரல் கொடுப்போம்

முதுமையைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிப் பதாகை பிடித்து நிற்கிறார்களே, நான் அவர்கள் பக்கம். 2009இல் கிழட்டு எலிகளுக்கு ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் நீண்டது. அதுவும் மனிதக் கணக்கில் சுமார் 60 வயதில் ஆரம்பித்து!

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் முதுமை நோய்களைத் தாமதப்படுத்துமா என்று சுமார் 3000 பேரிடம் சோதிக்கத் திட்டம் இருக்கிறது. ஆனால் பல வருடங்களாகப் பணமில்லாமல் இழுத்துக்கொண்டே போனது. காப்புரிமை முடிந்த மலிவான மாத்திரைக்கு எந்தக் கம்பெனி செலவழிக்கும்? அரசுகள்தான் தர வேண்டும். கேட்டால்தானே தருவார்கள்.

1988இல் எய்ட்ஸ் போராளிகள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். அப்புறம் மருந்து அனுமதி வேகமெடுத்தது.

சாகாவரம் கேட்கவில்லை. எண்பதிலும் நினைவு தப்பாமல் சொந்தக் காலில் நடக்க வேண்டும். உங்கள் மக்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.