19 நாளாக அணையாத கணினி

தினமும் இரவு படுக்கப் போகுமுன் ஷட் டவுன் செய்கிறேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரோ கணினி 19 நாளாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறது. போன வாரம் அந்த 'அப் டைம்' கண்ணில் பட்டதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டில், கணினியின் விவரங்களைச் சொல்லும் சிஸ்டம்இன்ஃபோ கட்டளையைப் போட்டேன். அதுவும் அதே பொய்.

குற்றவாளி, கணினியைச் சீக்கிரம் கிளப்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். விண்டோஸ் 8 கொண்டுவந்த வேலை. ஷட் டவுன் கொடுத்தால் நம்மை வெளியேற்றிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்கில் எழுதித் தூங்கவைக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். சரி, புரிந்தது. ஆனால் நான் பட்டனை அழுத்திய நேரங்கள் எனக்கு வேண்டுமே!

விண்டோஸ் தன் நிகழ்வுகளை எண் போட்டுப் பதியும் லாகைக் காட்டுவது ஈவென்ட் வியூவர். அதில் வழக்கமான 6005 (லாக் சேவை தொடங்கியது), 6006 (நின்றது) இரண்டையும் தேடினால் 19 நாளைக்கு ஒரே ஒரு 6005. லாக் சேவை நிற்கவே இல்லை, பிறகு தொடங்கியதாக எப்படி எழுதும்? இங்கே கைகொடுப்பது கணினி கிளம்பும்போதெல்லாம் கெர்னல்-பூட் என்ற பகுதி எழுதும் 27. அதில் பூட் டைப் 0 என்றால் முழு பூட், 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், 2 என்றால் ஹைபர்னேட்டிலிருந்து (திறந்த வேலைகளையும் டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) எழுந்தது.

சொல்ல எளிது. ஃபில்டரில் 27 என்று போட்டதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரே நாளில் பதினைந்து தடவை பூட்டா? வைரஸ் வரைக்கும் கற்பனை ஓடிவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவை இன்டெல் நெட்வொர்க் கார்டு எழுதியவை. கேபிள் இணைப்பு விட்டுப்போனால் அதுவும் 27 என்றே பதிகிறது! என் ரவுட்டர் கேபிளின் கிளிப் உடைந்து ஒரு வருடம் ஆகிறது. மேஜையில் முட்டி பட்டாலே போதும். இரண்டு மாலை இதிலேயே போயிற்று. எண்ணை மட்டும் நம்பாதீர்கள், சோர்ஸில் கெர்னல்-பூட்டையும் டிக் செய்யுங்கள். நிர்சாஃப்ட்டின் இலவசக் கருவி ஒன்று கணினி ஓடிய நேரங்களைத் தானே பட்டியல் போட்டுத் தரும். நமக்குத்தான் பிடிவாதம்.

அந்த ஒற்றை 6005-க்குப் பக்கத்திலேயே 41-ம் 6008-ம் உட்கார்ந்திருந்தன. இரண்டுமே கணினி முறையாக அணையாமல் நின்றுபோனதைச் சொல்பவை. அதாவது 19 நாளைக்கு முன் நடந்த கடைசி முழு பூட்கூட நான் செய்ததல்ல, கரண்ட் போனதால் வந்தது. 6008-ல் ஒரு ஏமாற்று உண்டு: பட்டியலில் தெரிவது அடுத்த முறை கிளம்பிய நேரம். அணைந்த நேரம் செய்திக்குள்ளே இருக்கும். அப்படித் திறந்து பார்த்ததில் இரண்டு மாதத்தில் நான்கு தடவை, எல்லாம் நான் வீட்டில் இல்லாத பகல் நேரம். பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே யூபிஎஸ் என்னை ஏமாற்றியிருக்கிறது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி செத்திருக்க வேண்டும்.

அதற்கும் முந்தைய வரலாறு கிடைக்கவில்லை. சிஸ்டம் லாக் 20 எம்பி நிறைந்ததும் பழையதை அழித்துவிடுகிறது. அளவைக் கூட்டிவிட்டேன். டாஸ்க் ஷெட்யூலரில் 27 வரும்போதெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி எழுதவைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கடை இருக்காது, சனிக்கிழமையே போய் பேட்டரி வாங்க வேண்டும். கூடவே கிளிப் உடையாத ஒரு கேபிளும்.