இருபத்தைந்து தட்டு

"சார், மேல மினுமினுக்குது," என்றான் கப்பலில் பயிற்சிக்கு வந்திருந்த கேடட். அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

அரை லிட்டர் டப்பாவில் பாதிக்கு நிக்கல் தாது. ஈரம் மேலே வருகிறதா என்று பார்க்க, ஒரு சாண் உயரத்திலிருந்து 25 தடவை ஓங்கித் தட்டியிருந்தான். செம்மண் மேல் எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு. தொட்டால் விரல் நுனியில் குழம்பாக ஒட்டியது. "மழையில நனைஞ்ச மண்ணுதான் தம்பி. கொஞ்சம் தோண்டி எடு," என்றேன். தோண்டி எடுத்துத் தட்டினான். ஈரம் தெரியவில்லை. 'கேன் டெஸ்ட் (டப்பா சோதனை) திருப்தி' என்று எழுதியது நான். முதல் டப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

முந்தின இரவு, தாதுவைக் கப்பலுக்குக் கொண்டுவந்த பார்ஜ் மேல் மழை கொட்டியது உண்மை. ஈரப்பதம் வரம்புக்குள்தான் என்று சரக்கு அனுப்பியவர்கள் தந்த சான்றிதழும் கையில் இருந்தது. ஆனால் டப்பாவில் ஈரம் தெரிந்தால் ஏற்றுவதற்கு முன் மறுபடி ஆய்வகச் சோதனை என்கிறது ஐ.எம்.எஸ்.பி.சி. கோடு, அதாவது இப்படி மொத்தமாகக் கொட்டி ஏற்றும் திடச் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பு. காய்ந்து தெரிந்தாலும் ஈரம் வரம்பை மீறியிருக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. இரண்டும் எனக்குத் தெரியும்.

2010 கடைசியில் ஜியான் ஃபூ ஸ்டார், நாஸ்கோ டயமண்ட், ஹோங் வெய் என நிக்கல் தாது ஏற்றிய மூன்று கப்பல்கள் ஆறு வாரத்துக்குள் மூழ்கின. 44 பேர் போனார்கள். 2015 ஜனவரி 2 அன்று பாக்சைட்டோடு மூழ்கிய பல்க் ஜூப்பிட்டரில் இருந்த 19 பேரில் 18 பேர் போனார்கள். பிழைத்தவர் சமையல்காரர் ஒருவர்தான். இதையெல்லாம் கேடட்டுகளுக்குப் பாடமாகச் சொன்னவன் நான்.

கேப்டன் கேட்டது ஒரே கேள்வி. "சரக்கு சரியா இருக்கா?" "சரியா இருக்கு சார்." ஏற்றுவதை நிறுத்தினால் கப்பலை வாடகைக்கு எடுத்தவர்களின் நெருக்கடி முழுக்க அவர் தலையில் விழும், அவரை அதில் மாட்டிவிட வேண்டாம் என்று அன்று நினைத்தேன். இன்று யோசித்தால், முடிவெடுக்க வேண்டியவர் கையிலிருந்து முடிவையே பிடுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அவரும் ஏற்றத்தான் சொல்லியிருப்பார் என்று சில நாள் தோன்றும். அப்படியே இருந்தாலும், தெரிந்து சொல்லியிருப்பார்.

அந்தப் பயணத்தில் இரவு இரண்டு மணிக்கெல்லாம் கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்கு ஏறிப் போய்ச் சாய்வுமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்ஜின் அதிர்விலும் அலையாட்டத்திலும் தாது இறுக இறுக, மணிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். மண் கூழாகி ஒரு பக்கம் ஓடும். கப்பல் மறுபக்கம் சாயும்போது ஓடினது முழுசாகத் திரும்பாது. அப்படி ஆரம்பித்தால் படகை இறக்கக்கூட நேரம் இருக்காது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முள் நடுவுக்கு வருகிறதா என்று எண்ணினேன். 'திருப்தி' என்று எழுதியவனுக்கு அங்கே என்ன வேலை?

முள் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். அப்போ நான் சொன்னது சரிதானே என்று பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஹோல்டை, அதாவது சரக்கு அறையை, திறந்தபோது கேடட் பக்கத்தில் நின்றான். ஏற்றி முடித்தபோது கிரேனின் கிராப் விட்டுப்போயிருந்த மேடும் குழியும் இல்லை. தாது முழுவதும் தட்டையாகக் கிடந்தது, ஒரு மூலையில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை.

"ஆட்டத்துல அமுங்கியிருக்கும்," என்றேன்.