மழைக்குத் துணிப்பை: மெழுகா, படிகாரமா?

கேன்வாஸில் பை தைத்து விற்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், மழைக்குத் தாங்குமா? ரெக்சினிலோ பூச்சு போட்ட நைலானிலோ தைத்தால் வேலை முடிந்தது, ஆனால் அப்புறம் அது துணிப்பையே இல்லையே.

முதலில் மெழுகு. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி, கொஞ்சம் பாரஃபினும் சேர்த்து, கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி (நேராக அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்), பிரஷ்ஷால் தடவி, மேலே பட்டர் பேப்பர் போட்டு இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் துணிக்குள் இறங்கிவிடும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆனால் தேன்மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல் என்றாலும் அதற்கு ரொம்ப முன்பே இளகிவிடுகிறது. வெயிலில் வண்டியில் மாட்டிய பை பிசுபிசுத்துச் சட்டையில் ஒட்டும். பாரஃபினைக் கூட்டினாலோ மடிப்பு விழும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு. குளிர் ஊர்க்காரர்களுக்கு அருமையான வழி, நம் வெயிலுக்குச் சரிப்படாது.

எனக்குக் கைகொடுத்தது சோப்பும் படிகாரமும், பழைய முறைதான். துணியை முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியை முழுசாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் பிடிக்காது, அதோடு சுருங்குவதும் வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடும். லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, துணியை ஊறவைத்துப் பிழிந்து, பாதி காய்ந்ததும் அதே கணக்கில் கரைத்த படிகாரத் தண்ணீரில் முக்கிக் காயப்போட வேண்டும். டிடர்ஜென்ட் பவுடர் உதவாது. சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலமும் படிகாரத்தின் அலுமினியமும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பொருளாக நூலிலேயே படிகிறது. போர் தண்ணீரில் சோப்பு போட்டால் பக்கெட் ஓரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டுமே, அதற்குப் பங்காளி. துணி கொஞ்சம் விறைப்பாகும், நிறம் அவ்வளவாக மாறாது.

துணியைக் குழிபோல் ஒரு டப்பாவின் வாயில் கட்டி, தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், அடியில் லேசான ஈரம் மட்டும்தான். அதே துணியில் தைத்த பையில் ஊற்றினால் ஓரத்தில் வரிசையாகச் சொட்டுகிறது! எல்லாம் ஊசி ஓட்டை. அதனால் இப்போது குண்டூசிக்குப் பதில் கிளிப், மெல்லிய ஊசி, நனைந்தால் உப்பி ஓட்டையை அடைக்கிற பருத்தி நூல், அப்புறம் உள்பக்கத் தையலில் மட்டும் தேன்மெழுகைத் தேய்த்துச் சூடு காட்டுகிறேன். உள்ளே இருப்பதால் சட்டையில் ஒட்டுகிற தொல்லை இல்லை.

ஜிப் வழியாக உள்ளே போகிற தண்ணீருக்கு, அதை மூடுகிற மாதிரி மேலே ஒரு மடல் வைத்துத் தைக்கிறேன். பெருமழையில் நிற்க இது போதாது. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை புத்தகம் நனையாது. வாஷிங் மெஷினில் போட்டால் எல்லாம் போய்விடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று விற்கும்போதே சொல்லிவிடுகிறேன்.